வருமான வரி நோட்டீஸ் எதனால் வருகிறது? மலைக்காரர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டியவை

குன்னூரில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சிறு தேயிலை விவசாயிகள். அப்புறம் கேத்திப் பக்கம் கேரட், பீட்ரூட் போடுபவர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "என்னை எப்படிக்கா கண்டுபிடிச்சாங்க?"

உங்களை யாரும் துப்பறிந்து கண்டுபிடிப்பதில்லை. உங்கள் பான் எண்ணை வைத்து வங்கி ஒரு விவரம் அனுப்புகிறது, பத்திரப்பதிவு அலுவலகம் ஒன்று அனுப்புகிறது, ஹோட்டல் புக்கிங் ஆப் ஒன்று அனுப்புகிறது. நீங்கள் தாக்கல் செய்த கணக்கில் அதே விஷயம் வேறு மாதிரி இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாததை எடுத்து வைக்கிறது. நேர்மையாக உழைத்துச் சம்பாதித்தவருக்கும் நோட்டீஸ் வருவது இதனால்தான். பணம் நல்ல பணமாக இருந்தாலும், அது எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் எங்கும் இல்லாவிட்டால் பிரச்சினைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது, பிரிவு எண்கள் மாறிவிட்டன. நான் கீழே தரும் தொகைகளும் பிரிவுகளும் பழைய 1961 சட்டப்படி 2024-25 நிதியாண்டுக் கணக்குக்குப் பொருந்தியவை. நீங்கள் தாக்கல் செய்யும் ஆண்டுக்கு வரம்பு எவ்வளவு என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படை முறை மாறவில்லை.

மற்றவர்கள் உங்களைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள்

சேமிப்புக் கணக்கில் ஓர் ஆண்டில் மொத்தம் 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கட்டினால் வங்கி வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நடப்புக் கணக்கு என்றால் 50 லட்சம். 10 லட்சத்துக்கு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டாலும் போகும். கிரெடிட் கார்டு பில்லை ரொக்கமாக 1 லட்சமோ, எந்த வழியிலாவது 10 லட்சமோ கட்டினாலும் போகும். 30 லட்சத்துக்கு மேல் நிலம், வீடு வாங்கினாலும் விற்றாலும் சார்பதிவாளர் அனுப்புவார். மியூச்சுவல் ஃபண்ட், பங்கு, வெளிநாட்டுப் பணம் எல்லாம் தனி.

"அப்படியானால் மூன்று வங்கியில் ஒன்பது ஒன்பது லட்சமாகக் கட்டிவிடலாமே" என்று கேட்கிறார்கள். வேண்டாம். வரம்பைத் தவிர்க்கப் பணத்தைப் பிரித்துக் கட்டுவதாகத் தோன்றினால், சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை என்று மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு வங்கி தனியாகத் தெரிவிக்கும். விளக்கிவிடக்கூடிய ஒரு டெபாசிட்டை, மறைத்ததுபோல் தெரியும் மூன்று டெபாசிட்டாக நீங்களே ஆக்கிக்கொள்கிறீர்கள்.

இவர்கள் சொன்னதையெல்லாம் நீங்களும் பார்க்கலாம். வருமான வரித்துறையின் இணையதளத்தில் உள்ளே நுழைந்தால் ஏ.ஐ.எஸ். என்று ஓர் ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கும். 2021 நவம்பரில் இருந்து இருக்கிறது, இன்னும் பலர் திறந்ததே இல்லை. பி.டி.எஃப்பாக இறக்கினால் பாஸ்வேர்டு கேட்கும். உங்கள் பான் எண்ணைச் சின்ன எழுத்தில் போட்டு, தொடர்ந்து பிறந்த தேதியை எட்டு இலக்கமாகப் போடுங்கள். ஏப்ரலில் பார்த்தால் பாதிதான் இருக்கும். வங்கிகள் விவரம் அனுப்ப மே 31 கடைசி என்பதால் ஜூன் நடுவில் பார்ப்பது நல்லது.

அதை வரி வரியாகப் படியுங்கள். அப்பாவும் மகனும் ஜாயிண்ட் கணக்கு வைத்திருந்தால் 12 லட்சம் ரொக்கம் இரண்டு பேருடைய அறிக்கையிலும் முழுசாக வரும். யார் பங்கு எவ்வளவு என்று வங்கிக்குத் தெரியாவிட்டால், முழுத் தொகையையும் ஒவ்வொருவர் பெயரிலும் காட்டச் சொல்லித்தான் விதி. பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் மகனுக்கு ஊரில் தேயிலை விற்ற பணத்துக்காக நோட்டீஸ் வருவது இப்படித்தான். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் கருத்துச் சொல்ல இடம் இருக்கிறது. தகவல் சரி, சரியில்லை, வேறு பான் எண்ணுக்கு உரியது, ஏற்கெனவே வேறு வரியில் வந்துவிட்டது, நான் இதை மறுக்கிறேன் என்று தேர்ந்தெடுக்கலாம். ஜாயிண்ட் கணக்குக்காரர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்னாலேயே செய்யுங்கள்.

தேயிலைப் பணம்

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான். பசுந்தேயிலையைப் பறித்து ஃபேக்டரிக்குக் கொடுத்து வரும் பணம் முழுக்க விவசாய வருமானம். அதற்கு வருமான வரி இல்லை. இலையைச் சொந்தமாகத் தூளாக்கி விற்றால்தான் 40 சதவீதம் தொழில் வருமானமாகக் கணக்காகும். அதனால் நம் ஆட்கள், "வரி இல்லையே, பிறகு எதற்கு எழுதணும்" என்று விட்டுவிடுகிறார்கள். வங்கி அறிக்கையில் 14 லட்சம் டெபாசிட், கணக்கே தாக்கல் இல்லை. துறையின் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது விளக்கமில்லாத 14 லட்சம். விளக்கமில்லாத பணத்துக்கு 2024-25 கணக்கில் 60 சதவீத வரி, அதன்மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 78 சதவீதம். வரியே இல்லாத பணம் இப்படித்தான் கையைவிட்டுப் போகிறது.

விவசாய வருமானம் மட்டும் உள்ளவர் கணக்குத் தாக்கல் செய்யக் கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் டெபாசிட் 10 லட்சத்தைத் தொட்டுவிட்டால் தாக்கல் செய்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதிலும் சரியான படிவத்தில். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் சுலபமான முதல் படிவமும் (ஐ.டி.ஆர்-1) நான்காம் படிவமும் (ஐ.டி.ஆர்-4) உங்களுக்கு ஆகாது. இரண்டாம் படிவம் எடுங்கள், தொழிலும் இருந்தால் மூன்றாவது. விவசாய வருமானம் 5 லட்சத்துக்கு மேல் போனால் நிலம் எந்த மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று கேட்பார்கள். இதைக் காலியாக விடுவதே சந்தேகத்தைக் கிளப்பும்.

இதற்கு நேர் எதிராக ஒரு கூட்டமும் இருக்கிறது. வேறு வழியில் வந்த பணத்தைத் தேயிலைப் பணம் என்று எழுதித் தரச் சொல்வார்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு பத்து லட்சம் விவசாய வருமானம் என்பார்கள். நீலகிரியில் பசுந்தேயிலைக்கு மாதாமாதம் தேயிலை வாரியம் சராசரி விலை அறிவிக்கிறது, அது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சத்துக்கு 50,000 கிலோ இலை வேண்டும். ஒரு ஏக்கரில் 50 டன் இலை எந்த மலையிலும் வராது. விசாரிக்கும் அதிகாரி டில்லியில் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார். அப்படி எழுதித் தரச் சொல்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இவர்கள் எழுதும் பொய்யால்தான் உண்மையான விவசாயி ஒவ்வொருவரும் தன் இலைக் கணக்கை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

என்ன தாள்களை வைத்துக்கொள்ள வேண்டும்? ஃபேக்டரியில் மாதம் ஒருமுறை தரும் பட்டியல்தான் முதல் ஆதாரம். அதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோ, ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு, நிகர எடை, விலை, மொத்தம். அதற்குக் கீழே அட்வான்ஸ் பிடித்தம், உரத்துக்குப் பிடித்தம், கடைசியில் கையில் வருவது. பலர் கடைசி வரியை மட்டும் வருமானம் என்று சொல்கிறார்கள். அப்படி எழுதினால் ஆறு மாதம் முன்னால் வாங்கிய 2 லட்சம் அட்வான்ஸ் வங்கியில் மட்டும் தெரியும், கணக்கில் எங்கும் இருக்காது. மொத்தத்தை வருமானமாகவும், உரத்தைச் செலவாகவும், அட்வான்ஸை வாங்கிய மாதத்தில் கடனாகவும் எழுதினால் வங்கியும் பட்டியலும் கணக்கும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும். பட்டியல்கள் வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும் வகைத் தாளில் வரும். வந்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அல்லது போனில் படம் எடுத்து வையுங்கள்.

காய்கறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனால் மண்டிக்காரர் தரும் சிட்டை, லாரி வாடகை ரசீது. நிலத்துக்குச் சிட்டா, வி.ஏ.ஓ. தரும் அடங்கல். கூடலூர்ப் பக்கம் ஜென்ம நிலத்தில் (பழைய ஜென்மி உரிமையில் இருந்த நிலம்) பட்டா இல்லாமல் பயிர் செய்பவர்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம். அவர்கள் ஃபேக்டரிப் பட்டியலையும், உரம் வாங்கிய பில்லையும், பறிப்புக் கூலி கொடுத்த நோட்டையும் இன்னும் கவனமாகச் சேர்க்க வேண்டும். சில்வர் ஓக் மரம் விற்ற பணத்தை இலைப் பணத்தோடு கலக்காதீர்கள். வியாபாரியின் ரசீதோடு தனியாக வையுங்கள், அதைக் கணக்கில் காட்டும் விதம் வேறு.

இலை ஏஜென்ட்டாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் இருக்கும் எல்லோருடைய இலைப் பணமும் உங்கள் கணக்கில் வந்து, நீங்கள் பிரித்துக் கொடுக்கிறீர்கள். துறைக்குத் தெரிவது உங்கள் பெயரில் வந்த கோடி மட்டும்தான். யாருக்கு எவ்வளவு என்று கையெழுத்தோடு ஒரு லெட்ஜர் இல்லாவிட்டால் அத்தனையும் உங்கள் வியாபாரமாகிவிடும். கூடியமட்டும் ரொக்கத்தைத் தவிர்த்து அவரவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். உங்கள் கமிஷன் விவசாய வருமானம் இல்லை, அதற்கு வரி உண்டு.

கைமாற்று பற்றியும் கேட்பார்கள். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்கக்கூடாது. வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் போட முடியும். கொடுப்பவர், வாங்குபவர் இரண்டு பேருக்கும் விவசாய வருமானம் மட்டும் இருந்து, வரி கட்டும் அளவுக்கு வேறு வருமானம் இல்லாவிட்டால் இந்தத் தடை கிடையாது. இந்த விலக்கு நம் ஊர்களில் நிறைய பேருக்குப் பொருந்தும், ஆனால் கேட்டால் நிரூபிக்க வேண்டும்.

ஊர்ப்பணம் உங்கள் கணக்கில்

ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், ஹெத்தையம்மன் பண்டிகை வரி, கோயில் கட்டட நிதி எல்லாம் ஊர் நம்பும் ஒருவர் தன் சொந்த சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பது வழக்கம். அவர் மேல் ஊருக்கு இருக்கும் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கை ஏ.ஐ.எஸ்ஸில் ஏறாது. வீட்டுக்கு வீடு வசூலித்த பணம் கட்டுக்கட்டாக அவர் பெயரில் ஏறும்போது, அவர் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. ஊர்ச் சங்கத்தின் பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ தனி பான், தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். இந்த ஆண்டு முடியாவிட்டால், வசூல் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும், செலவு பில்களையும், ஊர்க்கூட்டத்தில் அவரைப் பொறுப்பாக்கிய தீர்மானத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கி அவரிடமே கொடுத்து வையுங்கள். மகளிர் குழுத் தலைவிகளுக்கும் இதே யோசனைதான்.

ஹோம்ஸ்டே

சீசனில் அறை முழுக்க ஆப் மூலம் நிரம்புகிறது. வாடிக்கையாளர் 5,000 கட்டினால் கமிஷன் போக உங்களுக்கு வருவது அதைவிடக் குறைவு. நீங்கள் வந்ததை எழுதுகிறீர்கள். ஆப் நிறுவனம் துறைக்கு 5,000 என்று சொல்லி, அதன்மேல் டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே கழிக்கும் வரி, பிடிக்கிறது. 2024 அக்டோபரில் இருந்து இது 0.1 சதவீதம்தான், ஆனால் தொகை சின்னதாக இருந்தாலும் உங்கள் முழு வசூலும் அதில் தெரிந்துவிடும். மொத்தத்தை வரவாக எழுதி, கமிஷனைச் செலவில் காட்டுங்கள். உத்தேச வருமான முறையில், அதாவது 8 அல்லது 6 சதவீதம் லாபம் என்று காட்டும் முறையில் போகிறவர்களும் மொத்தத்தின் மேல்தான் கணக்கிட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதில் காட்டிய வசூலும் ஏ.ஐ.எஸ்ஸில் வந்து நிற்கும், இரண்டும் ஒத்துப்போகட்டும். 2025 ஜூலையில் பக்கத்தில் கர்நாடகாவில் யு.பி.ஐ. வரவை வைத்தே சிறு கடைக்காரர்களுக்கு மாநில வணிக வரித்துறை ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியது. ரொக்கம்தான் மறையும், ஜிபே மறையாது என்று சொல்லித் தர நான் வரவில்லை. வந்த பணத்தை முழுசாக எழுதுங்கள்.

மின்கட்டணத்தை யாரும் யோசிப்பதில்லை. ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் மின்கட்டணம் கட்டினால் வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் கணக்குத் தாக்கல் கட்டாயம். டிசம்பர், ஜனவரியில் நான்கு அறைக்கு கீஸரும் ஹீட்டரும் ஓடும் ஹோம்ஸ்டேக்கு இது எளிதாகத் தாண்டிவிடும். வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்தாலும் இப்படித்தான்.

நிலம் விற்றால்

தேயிலைத் தோட்டம் விற்றால் வரியே இல்லை என்ற பேச்சை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். நகராட்சிக்குள் இருக்கும் நிலமும், மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள நகராட்சி எல்லையில் இருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலமும் கிராமப்புற விவசாய நிலம் ஆகாது. குன்னூரும் ஊட்டியும் 2011 கணக்கெடுப்புப்படி இந்த அளவுக்குள்தான் வருகின்றன. நம் மலைப்பாதையில் ஏழெட்டு வளைவு சுற்றி 5 கிலோமீட்டர் ஓடும் இடம் வான்வழியில் ஒன்றரை கிலோமீட்டராக இருக்கலாம். விற்பதற்கு முன் சர்வேயர் மூலம் தூரச் சான்று வாங்குங்கள். உள்ளே வருகிறது என்றால் இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கி வரியைக் குறைக்க வழி இருக்கிறது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்பதற்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள். வழிகாட்டி மதிப்புக்கும் பத்திர மதிப்புக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே வாங்கியவரையும் விற்றவரையும் கேள்வி கேட்க வழி இருக்கிறது. கையில் வாங்கிய ரொக்கத்தை என்றாவது வங்கியில் கட்டத்தான் போகிறீர்கள், அன்றைக்கு அதற்கு விளக்கம் இருக்காது.

ரீஃபண்ட் ஆசை, அக்கம்பக்கம்

சம்பளக்காரர்களுக்குப் பிடித்த வரியை முழுசாகத் திருப்பி வாங்கித் தருகிறேன் என்று கமிஷனுக்குச் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, இல்லாத வீட்டு வாடகை, இல்லாத மருத்துவச் செலவு என்று போட்டுவிடுவார்கள். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை இதற்காகவே நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. அவர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார், நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். ரசீது இல்லாத எந்தக் கழிவையும் உங்கள் பெயரில் போட விடாதீர்கள்.

பாகப்பிரிவினைச் சண்டையில், வியாபாரப் பங்காளிச் சண்டையில் யாராவது புகார் மனு கொடுப்பதும் விசாரணைக்கு ஒரு காரணம். இணையதளத்திலேயே மனு கொடுக்கலாம், தகவல் சொல்பவருக்கு வெகுமதித் திட்டமும் 2018-இல் இருந்து இருக்கிறது. அதை உங்களால் தடுக்க முடியாது. தாள்கள் கையில் இருந்தால் பயமும் தேவையில்லை.

நோட்டீஸ் வந்துவிட்டது

முதலில் அது நிஜமா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் ஒவ்வொரு கடிதத்திலும் ஓர் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். வாட்ஸ்ஆப்பில் வரும் இணைப்பை அழுத்த வேண்டாம். 143(1) என்று இருந்தால் பதற்றம் வேண்டாம், கணக்கை முடித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் வரும் தகவல் அது. 143(2) என்றால் ஸ்க்ரூட்டினி, அதாவது உங்கள் கணக்கை விரிவாக ஆராயப் போகிறார்கள். கணக்குத் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் அது வந்தாக வேண்டும். அதாவது 2025 ஜூலையில் தாக்கல் செய்ததற்கு 2026 ஜூன் 30 வரை. 148A என்றால் பழைய ஆண்டைத் திறக்கப் பார்க்கிறார்கள், அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்கிறார்கள். அந்தக் கடிதத்துக்குப் பதில் தராமல் விட்டுவிடவே கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல், நோட்டீஸ் வந்ததே தெரியாமல் போவது. பான் வாங்கும்போது பிரவுசிங் சென்டர்காரருடைய மெயிலும் போன் நம்பரும் போட்டிருப்பார்கள். நோட்டீஸ் அங்கே போய்க் கிடக்கும். இன்றைக்கே உள்ளே நுழைந்து உங்கள் நம்பரையும் மெயிலையும் மாற்றுங்கள். மாதம் ஒருமுறை அந்த இணையதளத்தில் நோட்டீஸ்கள் வந்து சேரும் ஈ-ப்ரொசீடிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

பதில் எழுதும்போது நீண்ட கடிதம் வேண்டாம். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, தொகை, எங்கிருந்து வந்தது, அதற்கான ஆதாரம் எத்தனையாவது பக்கத்தில். பின்னால் ஆதாரங்களைப் பக்க எண் போட்டுச் சேருங்கள். உங்கள் பதிலைப் படிப்பவர் உங்களை நேரில் பார்க்கப் போவதில்லை. ஈரக் கழிவு என்றால் என்ன, இலைப் பட்டியல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் ஒரு பட்டியலை மட்டும் எடுத்து ஒவ்வொரு வரியும் என்ன என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு வரி விளக்கம் எழுதி வைக்கச் சொல்வேன். அவகாசம் தேவைப்பட்டால் கெடு முடியும் முன்பே ஈ-ப்ரொசீடிங்ஸ் பக்கத்திலேயே கேட்கலாம்.

விட்டுப்போன வருமானம் இருப்பது நோட்டீஸ் வரும் முன்பே தெரிந்துவிட்டால், அதற்கான கெடுவுக்குள் திருத்திய கணக்குப் போடலாம் (2024-25 கணக்குக்கு அந்தக் கெடு 2025 டிசம்பர் 31). அதுவும் கடந்துவிட்டால் புதுப்பித்த கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 2025 நிதிச் சட்டத்துக்குப் பின் மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து நான்கு ஆண்டு வரை போடலாம். முதல் ஆண்டுக்குள் என்றால் வரி, வட்டியோடு கூடுதலாக 25 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 50, பிறகு 60, 70. ரீஃபண்ட் கேட்கவோ வரியைக் குறைக்கவோ இதைப் பயன்படுத்த முடியாது. ஸ்க்ரூட்டினி தொடங்கிவிட்ட ஆண்டுக்கும் கிடையாது.